கராம்பு எண்ணெய், இரண்டு துளி

உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் அப்பாவின் கால் ஞாபகம் இருக்கிறது? முகத்தைக் கேட்கவில்லை. முகத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பீர்கள். நான் கேட்பது காலை. குதிகால் வெடிப்பு, பெருவிரல் நகம், விரலிடுக்கு. சிரிக்காதீர்கள். இருபத்தைந்து வருடமாக டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்தில் ஆட்களின் பாதம் பார்த்துத்தான் நான் சாப்பிடுகிறேன். நகம் வெட்டுவது, தடித்த தோலைச் சுரண்டுவது, நீரிழிவுக்காரரின் காலில் புண் வராமல் பார்ப்பது. கடைத் தெருவில் ஒருவர் வணக்கம் சொன்னால் ஆள் பிடிபடாது. சப்பாத்தைக் கழற்றினால் பெயரும் பிள்ளைகளின் பெயரும் சொல்லிவிடுவேன்.

போன மாதம் எங்கள் தமிழ் ஆள் ஒருவர் வந்தார். எழுபது தாண்டியவர். காலுறையைக் கழற்றினார். கராம்பு மணம் அறை முழுவதும் பரவியது. பெருவிரல் நகத்தில் பூஞ்சணம் பிடித்து மஞ்சளாகித் தடித்திருந்தது, பக்கத்துத் தோல் வெந்து சிவந்திருந்தது.

"ஐயா, கராம்பெண்ணெயை ஒண்டும் கலக்காமல் அப்பிடியே பூசினனீங்களே?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. போனிலை ஒருத்தன் சொன்னவன். எரியத்தான் செய்தது. எரிஞ்சாத்தானே கிருமி சாகும்?"

கையுறை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். கையுறை என் கையில்தான் இருந்தது. அவர் சொன்ன அதே வசனத்தை, அதே மாதிரிக் கண்ணை இடுக்கிக்கொண்டு, முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். என்னோடு சின்ன வயதில் இந்த நாட்டுக்கு வந்து, இப்போது ஐம்பதை எட்டிப் பிடித்திருக்கிற உங்களுக்கு அதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? என் பிள்ளைகளுக்குச் சொன்னால் "அம்மா, நீ அழுகிறாயா?" என்று டேனிஷில் கேட்டுவிட்டுப் போனைப் பார்ப்பார்கள்.

நானும் அப்பாவும் முதலில் வந்தோம். அம்மா அப்போது மாதமாக இருந்தாள், அலைச்சல் கூடாது என்று ஊரில் நின்றுவிட்டாள். தம்பி பிறந்த சேதி எங்களுக்கு இங்கேதான் வந்தது, படமாக. விளக்குமாற்றுக் குச்சி மாதிரிக் கை, தலை நிறைய முடி. அப்பாவுக்கு இருக்க அனுமதி கிடைத்ததும், மறுநாளே அம்மாவையும் தம்பியையும் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டார். அவருக்கு அது உரிமை என்று எல்லோரும் சொன்னார்கள். கொஞ்ச மாதத்தில் வந்துவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். அப்பா இரண்டு அறை வீடு எடுத்தார், மற்ற அறையில் பழைய சாமான் கடையில் வாங்கிய தொட்டிலைப் போட்டார். தம்பி அந்தத் தொட்டிலில் ஒருநாளும் படுக்கவில்லை. அவன் வரும்போது அதைவிட வளர்ந்திருந்தான்.

நான் சொல்ல வந்தது அதற்கு இடையில் வந்த, பனி கொட்டிய ஒரு மாரிகாலம். எனக்குப் பதினொரு வயது.

அப்பாவுக்கு வேலை துறைமுகத்து மீன் தொழிற்சாலையில். காலை ஆறு மணிக்கு இறப்பர் பூட்ஸைப் போட்டால் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்துதான் கழற்றுவார். தளம் முழுக்கத் தண்ணீர், உப்பு, மீன் செதில். பூட்ஸுக்குள் காலுறை நனைந்து, எட்டு மணித்தியாலம் ஊறும். எங்கள் ஊர் வயலில் நிற்பவர்களுக்குச் சேற்றுப்புண் வரும், தெரியும்தானே? அப்பா ஊரில் கந்தோர் மேசையில் இருந்து எழுதியவர். அவருக்கு டென்மார்க்கில் வந்தது. விரலிடுக்கு வெள்ளை வெளேரென்று அவிந்து, பிளந்து, பிறகு உள்ளங்காலுக்குப் பரவியது. கடைசியில் நகத்துக்கும் ஏறியது. கடித்தால் சுவரோடு காலைத் தேய்ப்பார்.

அதே தொழிற்சாலையில் மன்னாரிலிருந்து வந்த ஒரு மாமா வேலை செய்தார். சொந்த மாமா இல்லை, இங்கே வந்து மாமா ஆனவர். அவருக்கும் அதே புண். அவர் நேரே டொக்டரிடம் போனார், ஒரு குழாயில் வெள்ளைக் கிரீம் கொடுத்தார்கள், நாலு கிழமையில் மாறிவிட்டது. சரித்திரம் அவ்வளவுதான்.

அப்பா போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் கதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பெரும்பாலும் ஆண்கள், மனைவிமார் எல்லாம் ஊரில். சோறு கொதிக்கும், கதை கொதிக்கும். அங்கே ஒருவர் சொன்னார், தொற்று வருத்தம் இருக்கிற ஆளின் குடும்பத்தைக் கூப்பிட விடமாட்டார்களாம். டொக்டர் எழுதுவது எல்லாம் விசாப் பார்க்கிற பொலிசுக்குப் போகுமாம். அவருக்கு யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. பயந்தவனுக்கு வதந்தியும் சட்டம்தான். அன்று திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அப்பா சொன்னார், "பிள்ளை, என்ரை கால் கதை ஆரிட்டையும் சொல்லிப் போடாதை. பள்ளிக்கூடத்திலை கூடச் சொல்லாதை. அம்மா வந்தாப் பிறகு பாப்பம்." சத்தியம் வாங்கினார். காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது, நான் தலையை ஆட்டினேன்.

அம்மாவுக்கு மட்டும் எழுதினார். அம்மா ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தவள். மூலிகை எண்ணெய்களைப் பெரிய போத்தலில் இருந்து சின்னப் போத்தலுக்கு ஊற்றி, மூடி, பெயர் ஒட்டுவது அவள் வேலை. கறுவா எண்ணெய், கராம்பு எண்ணெய், யூக்கலிப்டஸ். அவள் வீட்டுக்கு வந்தாலே சாமான் அலுமாரியைத் திறந்த மாதிரி இருக்கும். கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு மண்ணிறப் போத்தலைக் கொடுத்து விட்டாள். என் சுண்டுவிரல் அளவுதான். அதில் அவள் கையெழுத்தில் ஒரு துண்டு: "கராம்பு எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு இரண்டு துளி. இரண்டே இரண்டு." கடைசி 'இரண்டு'க்குக் கீழே கோடு போட்டிருந்தாள். அப்பாவை அவளுக்குத் தெரியும்.

அதிலிருந்து பின்னேரங்களில் எங்களுக்கு ஒரு வேலை. அப்பா வேலையால் வந்து, குளித்து, தேத்தண்ணீர் குடித்தபின் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். நான் ஐஸ்கிரீம் வந்த மஞ்சள் வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவருவேன். காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் ஒற்றி உலர்த்தி, என் மடியில் துவாயை விரித்து, காலைத் தூக்கி வைப்பேன். எண்ணெயைப் பூசும்போது கேட்பேன்.

"எரியுதே அப்பா?"

"இல்லைப் பிள்ளை, குளிருது."

தினமும் அதே கேள்வி, அதே பதில். அந்த நேரத்தில்தான் அவர் கதைப்பார். அம்மா வந்தால் எந்தப் பேக்கரிக்கு முதலில் கூட்டிப் போவது, தம்பிக்குப் பனியில் போட எந்த நிற உடுப்பு வாங்குவது. யன்னலுக்கு வெளியே நாலு மணிக்கே இருட்டியிருக்கும். வீடு முழுக்கக் கராம்பு மணம், அதாவது அம்மா மணம். எனக்கு அந்த மாரிகாலம் கசக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அப்பாவின் புண் மாறக்கூடாது என்று கூட ஒருநாள் நினைத்தேன். பாவி.

ஒவ்வொரு நாளும் பள்ளியால் வந்ததும் முதல் வேலை கதவடியைப் பார்ப்பது. தபால்காரர் கதவில் இருக்கிற வாயால் கடிதங்களைப் போட்டிருப்பார். கிரீடம் அச்சடித்த கடித உறை வந்தால் அது அரசாங்கம், தொடாமல் மேசையில் வைக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. மின்சாரத்துக்கு வந்தது, விளம்பரம் வந்தது. கிரீடம் வரவில்லை. அப்பா வந்து கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். கேட்க மாட்டார். நான் தலையை ஆட்ட முன்னமே பூட்ஸைக் கழற்றக் குனிந்துவிடுவார்.

புண் மாறுவதாகத் தெரியவில்லை. மாறியிருக்கும், ஆனால் நனைந்த பூட்ஸுக்குள் மறுநாளும் போகிற காலை எந்த எண்ணெய்தான் காப்பாற்றும்? கராம்பு எண்ணெய்க்குப் பூஞ்சணத்தைக் கொல்லும் சத்து இருக்கிறது என்று பின்னாளில் பாதம் பார்க்கும் படிப்பில் எங்களுக்கும் படிப்பித்தார்கள். பரிசோதனைத் தட்டில் கொல்லும். ஆனால் தடித்த நகத்துக்குள்ளே போகாது, கலக்காமல் பூசினால் தோலைப் பொசுக்கும். அம்மா போட்ட கோட்டுக்கு அதுதான் அர்த்தம். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. விண்ணப்பத்துக்காகப் பொலிஸ் கூப்பிடும், கூப்பிட்டால் டொக்டரும் பார்ப்பார், அதற்குள் கால் சுகமாக வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒருநாள் தேங்காயெண்ணெயைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பிடியே பூசு" என்றார்.

"அம்மா ரெண்டு துளி எண்டெல்லோ எழுதினவா?"

"எரிஞ்சாத்தான் கிருமி சாகும். பூசு பிள்ளை."

பூசினேன். "எரியுதே?" என்று கேட்டேன். கண்ணை இடுக்கிக்கொண்டு, "குளிருது" என்றார். ஒரு கிழமையில் அவர் காலில் கொப்புளம் போட்டது. என் விரல் நுனி மூன்றும் சிவந்து தோல் உரிந்தது.

அந்த விரலைத்தான் பள்ளிக்கூட நர்ஸ் கண்டாள்.

அவளுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. உயரம் அளக்கும் பலகை, கண் பார்க்கும் எழுத்து, சவர்க்கார மணம். உயரமான பொம்பிளை, கம்பளிச் சட்டை, எப்போதும் கை சூடாக இருக்கும். என் உயரத்தை அளந்து அட்டையில் எழுதினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "இது நத்தார் மணமல்லவா?" என்று சிரித்தாள். யேசு பிறந்த நாளுக்கு அவர்கள் ஒரேஞ்சுத் தோடம்பழத்தில் கராம்பு குத்தி வைப்பார்கள். "எரிகிறதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னை விழுத்தியது. அப்பாவிடம் தினமும் நான் கேட்கிற கேள்வி. என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஒன்றரை வருடமாக என் கையைப் பிடித்து ஒரு பொம்பிளை அப்படி எதையும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவின் கால், எண்ணெய், போத்தல், அம்மா, தொட்டில், பொலிஸ். பாதி டேனிஷ், பாதி தமிழ். சொல்லி முடித்த பிறகுதான் சத்தியம் ஞாபகம் வந்தது. அவள் என் விரலுக்கு மருந்து பூசி, அப்பாவுக்கு ஒரு கடிதமும் ஒரு கிரீம் குழாயும் கொடுத்தாள். பிறகு பேனையை எடுத்து அட்டையில் ஒரு வரி எழுதினாள். அந்தப் பேனை அசைந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். ஒளித்திருக்கலாம், ஒளிக்கத் தெரியவில்லை. அப்பா கடிதத்தைப் பார்த்தார், வாசிக்க ஏலவில்லை.

"ஆர் தந்தது?"

"நர்ஸ்."

"ஏன் சொன்னனி?" சத்தம் போடவில்லை. "எழுதினவளே? அட்டையிலை எழுதினவளே?"

"ஓம்."

"என்ன எழுதினவள்?"

"தெரியாது."

குழாயைக் குப்பைப் பைக்குள் போட்டார். மன்னார் மாமாவின் காலைச் சுகப்படுத்திய அதே கிரீம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். அவர் மஞ்சள் வாளியைத் தானே எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து தன் காலைத் தானே பார்த்தார். நான் வானொலிக்குப் பக்கத்துக் கதிரையில் தனிய இருந்தேன். கதவுக்குக் கீழால் கராம்பு மணம் வரும். கதை வராது.

கிரீடம் போட்ட கடிதம் வரவே இல்லை. அப்பாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அம்மாவுக்குக் கசெற்றில் பேசிப் பதிந்து அனுப்புவோம், ஞாபகமா அந்தக் கசெற்றுகள்? ஒருநாள் அவர் பதிந்துகொண்டிருந்தபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். "பிள்ளை வாய்தவறிச் சொல்லிப்போட்டாள். அதுதான் சுணங்குது எண்டு நினைக்கிறன்" என்றார். அம்மாவின் பதில் கசெற் வர இரண்டு மாதம் சென்றது. தம்பி இடையில் ஏதோ மழலையில் கத்துகிறான், அம்மா இருமுகிறாள், பிறகு சொல்கிறாள், "பிள்ளையைப் பேசாதேங்கோ. அவள் குழந்தை. வாற நேரம் வருவம்." அந்தக் கசெற் இப்போது இல்லை. வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. இருமல் மட்டும் எனக்குள் இருக்கிறது.

மன்னார் மாமா ஒருநாள் அப்பாவோடு வாதாடினார். "அண்ணை, நான் டொக்டரிட்டைப் போனனான், எல்லாத்தையும் சொன்னனான். என்ரை கால் சுகம். என்ரை மனிசி வந்தவளே? இல்லையே. உங்களுக்கும் வரேல்லை, எனக்கும் வரேல்லை. பிறகு அட்டையிலை என்ன கிடக்கு?"

"உனக்கு வேறை ஏதும் காரணம் இருக்கும்" என்றார் அப்பா.

எனக்கு இப்போது விளங்குகிறது. காரணமே இல்லாமல் காத்திருக்க மனிசனால் ஏலாது. பதினொரு வயதுப் பிள்ளையின் வாய் என்றாலும் பரவாயில்லை, ஏதாவது ஒன்று காரணமாக இருந்தால் பிடித்துக்கொண்டு படுக்கலாம். அப்பா என்னைப் பிடித்துக்கொண்டு படுத்தார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான், என்னால்தான் அம்மா வரவில்லை.

பனி கரைந்து, பள்ளி மதிலோரம் மஞ்சள் பூ வந்த நேரம். கதவடியில் ஊர்க் கடிதம் ஒன்று கிடந்தது, ஆனால் அம்மாவின் எழுத்து இல்லை. உறைக்குப் பின்னால் மருந்துக்கடை முதலாளியின் பெயர். கிரீடம் போட்டதைத்தான் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார், இதைச் சொல்லவில்லையே. உடைத்தேன். அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல். ஊரடங்கு. மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. "கடையில் கொடுக்க ஒரு குளிசை கூட மிஞ்சியிருக்கவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். தம்பி சின்னம்மாவோடு இருக்கிறான். கடிதம் வர ஐந்து கிழமை சென்றிருந்தது. ஐந்து கிழமையாக நான் அம்மா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பாணில் பட்டர் பூசிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்பா வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. மஞ்சள் வாளியில் தண்ணீர் சூடாக்கி வைத்தேன். துவாயை எடுத்து வைத்தேன். தேங்காயெண்ணெயில் இரண்டு துளி விட்டுக் கலந்தேன், எண்ணி இரண்டு. கதவு திறந்தது. அப்பா வாளியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்."

கடிதத்தை நீட்டினேன். பூட்ஸோடு நின்றபடி வாசித்தார். பூட்ஸிலிருந்து தண்ணீர் வடிந்து பாயை நனைத்தது. திரும்பவும் வாசித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிலத்தில் இருந்தார். கடிதத்தை மடித்துக்கொண்டு சொன்னார், "அந்த அட்டை மட்டும் இல்லாட்டி..."

முடிக்கவில்லை. அதன்பிறகு ஒருநாளும் முடிக்கவில்லை. நானே என் வாழ்நாள் முழுக்க அதை முடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் ஒருவழியாக அனுமதி கிடைத்துத் தம்பி வந்தான், சின்னம்மாவின் தெரிந்தவர் ஒருவரோடு. மூன்று வயது. என்னைத் தெரியாது, அப்பாவைத் தெரியாது, தூக்க விடமாட்டான். இரண்டாம் நாள் குளியலறையில் சத்தம் இல்லாமல் இருந்தான். போய்ப் பார்த்தால் மண்ணிறப் போத்தலைத் திறந்து மூக்கில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருக்கிறான். "அம்மா" என்றான். எங்களைக் கூப்பிட்டுக் காட்டுகிற மாதிரி, கண்டுபிடித்துவிட்ட மாதிரி. அப்பா போத்தலை வாங்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். அதன்பிறகு அந்த எண்ணெயை ஒருவரும் பூசவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் கடைசிச் சோதனைக்கு அதே நர்ஸிடம் போனேன். அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. மேசையில் என் அட்டை. "பார்க்க விரும்புகிறாயா? இது உன்னுடையதுதான்" என்றாள். அந்தப் பதினொரு வயது மாரிகாலத்து வரியைத் தேடினேன். உயரம், எடை. அதற்குக் கீழே: "விரல் நுனியில் சிறு காயம். மருந்து பூசப்பட்டது. தாய் வருவதை எதிர்பார்த்திருக்கிறாள்."

அவ்வளவுதான். அப்பாவின் காலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"நீ பயந்துபோயிருந்தாய். அதனால் நான் எழுதவில்லை" என்றாள். பிறகு கேட்டாள், "அம்மா வந்தாரா?"

எழும்பி வெளியே வந்து சைக்கிள் தரிப்பிடத்தில் நின்று உதைத்தேன், யாருடைய சைக்கிளையோ. ஐந்து வருடம். ஐந்து வருடமாக இல்லாத ஒரு வரிக்காக அப்பா என்னோடு மனம்விட்டுக் கதைக்காமல் இருந்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. அவர் கேட்கட்டும் என்று வீம்புக்கு இருந்தேன்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாரிகாலத்தில்தான், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், எல்லாத் தொலைக்காட்சியிலும் எங்கள் கதை போனது. தமிழர் வழக்கு என்றார்கள். எங்கள் குடும்பங்களைக் கூப்பிடுகிற விண்ணப்பங்களைச் சட்டப்படி பார்க்காமல், மேலிடத்துச் சொல்லின்படி எடுக்காமல் வைத்திருந்தார்கள் என்பது வெளியே வந்தது. ஒருவருடையதை இல்லை, எல்லோருடையதையும். அரசாங்கமே கவிழ்ந்தது. மன்னார் மாமாவும், பிந்தி வந்து சேர்ந்த அவருடைய மனைவியும் எங்கள் வீட்டில்தான் செய்தி பார்த்தார்கள். மாமா எழும்பி நின்றுவிட்டார். "கேட்டியளே அண்ணை? எல்லாரையும் ஒண்டாத்தான் அமத்தி வைச்சிருக்கிறாங்கள். காலும் இல்லை, கையும் இல்லை. ஒரு மண்ணும் இல்லை!" சொல்லிவிட்டு அழுதார். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் பின்னேரம் நான் மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். அப்பா மஞ்சள் வாளியோடு வந்தார். அதை எங்கே வைத்திருந்தாரோ தெரியாது. தண்ணீரில் ஆவி பறந்தது. தோளில் துவாய். மற்றக் கையில் மண்ணிறப் போத்தல், அடியில் கொஞ்சம் எண்ணெய் கறுத்துத் தடித்துக் கிடந்தது. கதிரையில் இருந்து காலுறையைக் கழற்றினார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் காலைக் கண்டேன்.

"பிள்ளை," என்றார், "கொஞ்சம் பூசி விடுறியே?"

நான் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தேன். என் பிழைதான் பிள்ளை, நான் உன்னில் பழி போட்டேன், ஏதாவது ஒன்று. ஒன்றும் வரவில்லை. காலை நீட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவுக்கும் பிறகு இவருக்குக் கால் பிடிக்கவும் நான் வேண்டுமா என்று நினைத்தேன். டேனிஷில் சொன்னேன், பள்ளியில் பிடிக்காதவனுக்கு எறிகிற தொனியில்: "நீயே செய்துகொள்."

அப்பாவுக்கு அவ்வளவு டேனிஷ் விளங்கும். தொழிற்சாலையில் அதை எத்தனை தரம் கேட்டிருப்பார். உலர்ந்த காலுக்கே காலுறையைப் போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை குப்பைப் பையில் போத்தல் கிடந்தது, அம்மாவின் எழுத்துத் துண்டோடு. கண்டேன். எடுக்கவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பையை முடிச்சுப் போட்டுக் கீழே கொண்டுபோய்ப் போட்டதும் நான்தான்.

எங்கள் அப்பாக்களுக்கு மன்னிப்பு என்ற சொல் வாயில் வராது. அவர் என்னிடம் கேட்டது அதுதான் என்று விளங்க எனக்கு இன்னொரு இருபது வருடம் வேண்டியிருந்தது. அதற்குள் நான் பாதம் பார்க்கப் படித்து, ஊரெல்லாம் உள்ளவர்களின் காலை மடியில் தூக்கி வைத்துவிட்டேன். மன்னார் மாமாவின் காலும் வந்தது, அந்த நர்ஸின் காலும் கூட வந்தது. அப்பாவின் கால் மட்டும் வரவில்லை. என் முன்னால் அவர் காலுறையைக் கழற்றியதே இல்லை. கோடையில் கூட இல்லை. "அப்பா, ஒருக்கால் காட்டுங்கோவன்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். "நாள் முழுக்கக் கால் பாத்திட்டு வாறாய், இஞ்சையும் காலே? விடு பிள்ளை" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பைத் தாங்க ஏலாது.

மூன்று வருடத்துக்கு முன், ஒருநாள் விடிய, நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டார். தம்பி ஒல்போ நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். தாதி வந்து, அவரைக் கழுவி உடுப்பு மாற்ற வேண்டும், நீங்கள் வெளியே இருக்கலாம் என்றாள். கால் மட்டும் நான் செய்கிறேன் என்று சொன்னேன். காரில் என் வேலைப் பை இருந்தது.

காலுறையைக் கழற்றினேன். நகம் பத்தும் மஞ்சளாக, அடுக்கடுக்காகத் தடித்து, பாதி நொறுங்கி. அதே பூஞ்சணம். அந்தக் காலத்து மீன் தொழிற்சாலையிலிருந்து அன்றுவரை அவரோடேயே இருந்திருக்கிறது. என்னிடம் ஒரு வருடம் விட்டிருந்தால் மாற்றியிருப்பேன். விரலிடுக்கில் வெளிறிய தழும்பு, கலக்காமல் நான் பூசிய இடம். மடியில் துவாயை விரித்து, காலைத் தூக்கி வைத்தேன். பாரமாக இருந்தது. நகங்களை ஒவ்வொன்றாக வெட்டி அராவினேன். அவசரப்படவில்லை. பையில் கராம்பு எண்ணெய் எப்போதும் இருக்கும், தேங்காயெண்ணெயும் இருக்கும். ஒரு கரண்டிக்கு இரண்டு துளி. விரலிடுக்கெல்லாம் பூசினேன். அறை முழுக்க அம்மா மணத்தது.

"எரியுதே அப்பா?" என்று கேட்டேன்.

கதவடியில் தம்பி வந்து நின்றான். நான் மற்றக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பவும் கேட்டேன்.